சொக்கம்மாள் கொடுத்த ஜாமீன்

தகுதி பார்ப்பது உத்திரமேரூருக்குப் புதிதல்ல. சபையில் உட்காரப் போகிறவனுக்குச் சொந்த நிலம் உண்டா, சொந்த மனையில் வீடு உண்டா, வயது முப்பத்தைந்து ஆகிவிட்டதா என்றெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் அது. அந்த ஊரில் பிறந்து, அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்ட சொக்கம்மாள், நாலு பொருள் இருந்தால்தான் நாலு பேர் மதிப்பார்கள் என்று நினைத்ததில் என்ன தப்பு? நிலம் இல்லாவிட்டால்தான் தகுதி, மாடு இல்லாவிட்டால்தான் மார்க்கு என்று ஒரு தலைகீழ்க் கணக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஜூன் மாதத்தில் பஸ் ஏறி வரும் என்று அவள் கண்டாளா?

சொக்கம்மாளுக்கு பஸ் நிற்கிற இடத்தில் இட்லிக்கடை. அது வயிற்றுக்கு. மனசுக்கு அவள் செய்த தொழில் கல்யாணம் பேசுவது. காலணா கமிஷன் வாங்காமல் பதினேழு கல்யாணம் முடித்திருந்தாள். அந்தத் தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வெளியூர்க்காரன் வந்து ஒரு பெண்ணின் வீட்டைப் பற்றி விசாரித்தால், குறை என்று ஒரு சொல் வாயில் வரக்கூடாது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்று பெரியவர்கள் சொன்னார்கள். சொக்கம்மாள் சிக்கனக்காரி, பத்துப் பன்னிரண்டிலேயே முடித்துவிடுவாள்.

அவள் பக்கத்து வீடு ஆதிலட்சுமியுடையது. ஆதிலட்சுமி நடவுக்கும் களைக்கும் போகிறவள். புருஷன் சடையப்பன் வாலாஜாபாத் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறான், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுப் பக்கம் வருவான். ஒரே மகள் சுலோச்சனா. அந்த வருஷம் எஸ்.எஸ்.எல்.சி.யில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது, கணக்கில் தொண்ணூற்றொன்று. கூலிக்காரத் தெருவில் பிறந்த பெண் இத்தனை மார்க்கு வாங்கியதும், சுப்பிரமணிக்கே தலைகால் புரியவில்லை. சுப்பிரமணி பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா. எந்தப் பிள்ளை எந்தக் காலேஜில் சேரும், யாருக்கு உபகாரச் சம்பளம் கிடைக்கும் என்று மார்க்கைப் பார்த்தே ஆரூடம் சொல்லுவார். நயா பைசா வந்து இரண்டு வருஷம் ஆகியும் அவர் கணக்கு இன்னும் அணாவில்தான், பதினாறு அணா என்றால் முழு நிச்சயம்.

"சீட்டு பதினாலு அணா நிச்சயம்" என்றார் அவர். "ஸ்காலர்ஷிப் ஒன்பது அணா. ஆனா ஒண்ணு தெரிஞ்சிக்கோ சுலோச்சனா. ஸ்காலர்ஷிப் வரலேன்னா சீட்டு வந்தும் பிரயோஜனமில்லே."

சொன்னபடியே சென்னைப் பெண்கள் கல்லூரி ஒன்றிலிருந்து சீட்டுக்குக் கார்டு வந்துவிட்டது. ஃபீஸில் சலுகை உண்டு. ஆனால் ஹாஸ்டல் சாப்பாட்டுக்கு மாதம் முப்பத்தைந்து ரூபாய். இருபத்தைந்தாம் தேதிக்குள் பணத்துக்கு வழி சொல்லாவிட்டால் சீட்டு அடுத்த பெண்ணுக்கு. சடையப்பன் மாதம் முழுக்க முதுகு ஒடிந்தாலும் முப்பத்தைந்து ரூபாயை மகளுக்கென்று தனியே எடுத்து வைக்க முடியாது. ஆகவே ஏழைப் பெண்களைப் படிக்க வைக்கும் ஒரு தர்ம டிரஸ்டுக்கு சுப்பிரமணி மனு எழுதிப் போட்டிருந்தார். மனு போட்ட விஷயம் சொக்கம்மாளுக்கும் தெரியும். ஸ்காலர்ஷிப் என்பது தபால்காரர் கொண்டுவந்து கொடுக்கிற சமாச்சாரம் என்பது அவள் நினைப்பு. அது குடை பிடித்துக்கொண்டு நடந்து வரும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. காஞ்சிபுரம் பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, கக்கத்தில் தோல்பை, கையில் குடை. நேரே வந்து சொக்கம்மாள் கடையில் உட்கார்ந்து நாலு இட்லி சாப்பிட்டார். கை கழுவிவிட்டு மெல்லக் கேட்டார்.

"சடையப்பன்னு ஒருத்தர், வாலாஜாபாத் ரைஸ்மில்லுல வேலை செய்யறவர். அவர் வீடு எந்தப் பக்கம்மா?"

"எங்க பக்கத்து வூடுதாங்க. இன்னா சமாச்சாரம்?"

"அவருக்குப் பொண்ணு ஒண்ணு இருக்காமே, சுலோச்சனான்னு. குடும்பம் எப்படி?"

சொக்கம்மாளின் கரண்டி அந்தரத்தில் நின்றது. ஆளை மேலும் கீழும் பார்த்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமனாக இருக்கலாம், பெரியப்பனாகவும் இருக்கலாம். எப்படியும் பென்ஷன் வாங்குகிற குடும்பம். தங்கமாட்டம் ஒரு இடம், தேடிக்கொண்டு தானே வந்திருக்கிறது!

"தங்கமான குடும்பங்க" என்றாள்.

"வசதி எப்படி?"

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. ஏரிப் பாசனத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை. சடையப்பன் மில்லில் மேஸ்திரி. கறவை மாடு கன்றோடு நிற்கிறது. வீட்டில் நெல் மூட்டை நாலு எப்போதும் இருக்கும். ஆதிலட்சுமி கழுத்தில் இரட்டை வடம். கூரை வீடுதானே என்று அவர் பார்த்துவிட்டு முகம் சுளிக்கக்கூடாதே என்று அதற்கும் முன்கூட்டியே அணை போட்டாள்.

"மாடி கட்டப் போறாங்க. அதுக்கோசரம் பழைய வூட்ட இடிச்சிட்டு, கொஞ்ச நாளிக்கிக் கூரையில கீறாங்க."

"கடன்?"

"அஞ்சு காசு கடன் கெடையாதுங்க."

அன்று காலை அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான். கடன் கொடுக்க ஆள் இருந்தால்தானே கடன் இருக்கும்?

பெரியவர் ஒவ்வொன்றையும் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். "ஊர்ல இன்னொரு வேலை இருக்கு. முடிச்சிட்டுப் பதினோரு மணிக்கு அவங்க வீட்டுக்கு வரேன்" என்று எழுந்து போனார்.

சொக்கம்மாள் இட்லிப்பானையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு வயல்வழியாக ஓடினாள். ஐம்பது வயசு உடம்பு அன்று வரப்பில் ஓடியதைப் பார்த்தவர்கள் பாம்பு துரத்துகிறது என்று நினைத்தார்கள்.

"ஏ ஆதிலட்சுமி! மாப்ள வூட்டாரு விசாரிக்க வராங்கடீ! மூஞ்சியக் கயுவு!"

ஆதிலட்சுமி களைக்குப் போகாமல் வீட்டில் இருந்தது அதிருஷ்டம் என்றுதான் அப்போது தோன்றியது. மகள் சர்டிபிகேட் வாங்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். தெரு கூடிவிட்டது. முனிரத்தினம் தன் பசுவையும் கன்றையும் ஓட்டி வந்து வாசலில் கட்டினான். ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் ஞானசுந்தரி, 'நான் பொய் ஒண்ணும் சொல்ல மாட்டேன்' என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டே தன் இரட்டை வடத்தைக் கழற்றிக் கொடுத்தாள். யாரோ பித்தளை அண்டா, யாரோ மர நாற்காலி. சொக்கம்மாள் தன் கல்யாணத்துப் பட்டுக் கூரைப்புடவையைக் கொண்டுவந்து ஆதிலட்சுமிக்கு உடுத்திவிட்டாள். நாலு மூட்டைக்கு நெல் எங்கே போவது? உமியை மூட்டை கட்டி, வாயில் மட்டும் இரண்டு படி நெல் தூவினார்கள். ஒரு தெரு முழுக்க மனசு வைத்தால் முக்கால் மணி நேரத்தில் ஒரு பணக்காரியை உண்டாக்கிவிடலாம்.

பதினோரு மணிக்குப் பெரியவர் வந்தார். பார்த்தார். எழுதினார். தண்ணீர் மட்டும் குடித்தார். "கல்யாணப் பேச்சு ஏதாவது நடக்குதா?" என்று கேட்டார். "பொண்ணு தயாராத்தான் கீறா, எடந்தான் நல்லா அமையணும்" என்றாள் சொக்கம்மாள், வாயெல்லாம் பல்லாக. பெரியவர் அதையும் எழுதிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு போனார். ஆதிலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து, பட்டுப்புடவை மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைச் சொக்கம்மாள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஒரு மணிக்குச் சுலோச்சனா வெயிலில் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அம்மா! டிரஸ்டு ஆபீசர் வந்துகீறாராம்! பேரு கிருஷ்ணசாமியாம். காலையில ஸ்கூல்ல வந்து என் மார்க்கெல்லாம் பாத்தாராம். சுப்பிரமணி சார் இப்பத்தான் சொன்னாரு. அவரு எழுதறதுதான் தீர்ப்பாம். இங்க யாராச்சும் வந்தாங்களா?"

பேசிக்கொண்டே வந்தவள் மாட்டைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். பட்டுப்புடவையில் இரட்டை வடத்தோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"இது இன்னா பெரிம்மா?"

சொக்கம்மாளுக்கு அந்தப் பெரியவர் யார் என்று விளங்கியது. கண்ணாடி, தோல்பை, நோட்டு எல்லாம் ஒன்றொன்றாக வேறு அர்த்தம் சொல்லின. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்துவிட்டது. அதுவும் இவள் கையாலே பிடித்த குரங்கு. சுலோச்சனா அழவில்லை. சர்டிபிகேட்டைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"எயுந்திரு கண்ணு. பஸ் ஒண்ணரைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு, வந்த வரப்பிலேயே மறுபடி ஓடினாள் சொக்கம்மாள்.

கிருஷ்ணசாமி அவள் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்தார்.

"ஐயா, காலையில நான் சொன்னது அத்தினியும் பொய்யி."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஆச்சரியப்படவில்லை. "ஸ்காலர்ஷிப்னு யாரோ சொல்லிட்டாங்களா?"

"ஆமாங்க."

"அதான் பார்த்தேன். விஷயம் தெரிஞ்சதும் எல்லாரும் ஏழையாயிடறாங்க." அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பதினோரு வருஷமா எனக்கு இதே வேலைம்மா. போன மாசம் ஒரு ஊர்ல பசுவைக் கொண்டுபோய்க் கரும்புக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. அது உள்ளேயிருந்து கத்திச்சு. அதனாலதான் நான் எதுக்கு வரேன்னு யார்கிட்டயும் சொல்றதில்ல. இங்க மட்டும்தான் மறைக்காம காட்டினாங்கன்னு சந்தோஷப்பட்டேன்."

"மாட்ட ஒளிச்சி வெச்சவங்கள பாத்துகீறீங்க. இரவல் வாங்கிக் கட்டனவங்கள பாத்துகீறீங்களா? ஒரு எட்டு வந்து பாருங்க. உங்க கால்ல வியறேன்."

"பஸ் வந்துடும்."

"நான் சாம்பார் ஊத்தாம அந்த டிரைவர் வண்டிய எடுக்க மாட்டாருங்க. நீங்க வாங்க."

அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்ததோ என்னவோ, எழுந்தார்.

தெருமுனையில் இருவரும் திரும்பியபோது ஆதிலட்சுமியின் ஐசுவரியம் வீட்டை விட்டு நடந்து போய்க்கொண்டிருந்தது. பித்தளை அண்டா ஒருத்தி தலையில் எதிரே வந்தது. அதன் பின்னால் நாற்காலி வந்தது. முனிரத்தினம் பசுவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். அவரைக் கண்டதும் 'மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்துவிட்டார்கள்' என்று பதறி, அவிழ்த்த கயிற்றை அவசர அவசரமாக மறுபடி முளையில் கட்டினான்.

"இவங்க மாடுதாங்க. சும்மா தண்ணி காட்டலாம்னு…"

"அடப் பாவி, போதும்டா! உண்மையச் சொல்லு!" என்று கத்தினாள் சொக்கம்மாள்.

முனிரத்தினம் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "உண்மைன்னா… எது அக்கா?"

கிருஷ்ணசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். பசு முனிரத்தினத்தின் பின்னால் தன் வீடு பார்த்துத் தானே நடந்தது, கன்று முன்னால் ஓடியது. அவர் நோட்டை எடுத்து ஒரு வரியை அடித்தார். உள்ளே ஞானசுந்தரி டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று சங்கிலியைக் கழற்றி வாங்கிக்கொண்டிருந்தாள். "நான் ஒரு பொய்யும் சொல்லலீங்க. கர்த்தருக்குத் தெரியும். சங்கிலி மட்டுந்தான் குடுத்தேன்" என்று கேட்காமலே சொன்னாள். அவர் இன்னொரு வரியை அடித்தார். மூட்டை ஒன்றைக் குடைக் கம்பியால் குத்தினார். பொலபொலவென்று உமி கொட்டியது.

"மூணு ஏக்கர் நஞ்சை?"

"ஏரியில தண்ணி கீதுங்க. நெலந்தான் நம்மள்து இல்லே" என்றாள் சொக்கம்மாள்.

ஆதிலட்சுமி உள்ளே போய்ப் பட்டைக் களைந்துவிட்டு, முழங்காலருகே ஒட்டுப் போட்ட தன் புடவையில் வந்து நின்றாள். அந்த வீட்டில் இப்போது மிச்சம் இருந்தவை ஒரு கோரைப்பாய், இரண்டு மண்பானை, புத்தகங்கள் அடுக்கிய ஒரு கெரசின் பெட்டி. அவள் பட்டுப்புடவையை மடித்துச் சொக்கம்மாள் கையில் கொடுத்தாள்.

"இன்னும் இன்னா இன்னா இல்லேன்னு சொல்லணும், சொல்லுங்க" என்றாள் அவரைப் பார்த்து. கோபமாகச் சொல்லவில்லை. "பதினோரு மணியிலேருந்து ஒரு மணி வரைக்கும் எல்லாம் கீற மாதிரி இருந்தேங்க. நல்லாத்தான் இருந்துச்சி."

  பதினேழு கல்யாணம் பேசியும், சொக்கம்மாள் ஒரு வீட்டின் இல்லாமையை இப்படி வெளியூர்க்காரர் முன்னால் கொட்டிக் காட்டியதில்லை. அது ஒரு பெண்பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்துவது போலத்தான் அவளுக்கு இருந்தது.

கிருஷ்ணசாமி பாயில் உட்கார்ந்தார். மேஸ்திரி, மாடி என்று மற்றப் பொய்களையும் அடித்தபின் நோட்டில் ஒரே ஒரு வரி பாக்கி இருந்தது. "கல்யாணப் பேச்சு. இதுதான் பெரிய சிக்கல்" என்றார். "போன வருஷம் ரெண்டு பொண்ணுங்க டிரஸ்டு பணத்துல சேர்ந்து, பாதியில தாலி கட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. பி.ஏ. முடிக்க நாலு வருஷம். அதுவரைக்கும் கல்யாணம் கிடையாதுன்னு பெத்தவங்க எழுதிக் கொடுக்கணும். தெருவுல ஒருத்தர் ஜாமீன் நிக்கணும்."

நாலு வருஷம்! சுலோச்சனாவுக்கு இருபத்தொன்று ஆகிவிடும். அந்தத் தெருவில் இருபத்தொரு வயசில் இரண்டு பிள்ளை இருக்கும். ஆதிலட்சுமி மகளைப் பார்த்தாள். சுலோச்சனா கெரசின் பெட்டி அருகே நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.  

"எங்க வெக்கணும் ரேகை?" என்றாள் ஆதிலட்சுமி. "அவ நைனா ஞாயித்துக்கெயம வருவாரு. அவரையும் போடச் சொல்றேன். அவரு பொண்ணு சொன்னா தட்ட மாட்டாரு."

"ஜாமீன்?"

"நான்" என்று முன்னால் வந்தாள் சொக்கம்மாள்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நீங்களா? காலையில என்கிட்ட எட்டுப் பொய் சொன்னவங்க நீங்க. உங்க வார்த்தையை நான் எப்படி நம்பறது?"

"அவளுக்கு நல்லது நடக்கணும்னுதான் ஐயா எட்டுப் பொய் சொன்னேன். அதே நல்லதுக்கு நாலு வருசம் வாயக் கட்டிக்கினு இருக்க மாட்டேனா?"

அவர் மை டப்பியைத் திறந்து நீட்டினார். இரண்டு பெண்களும் ரேகை வைத்தார்கள்.

பஸ் நிஜமாகவே நின்றிருந்தது, சாம்பாருக்காகத்தான். கிருஷ்ணசாமி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். சொக்கம்மாள் ஒரு பொட்டலம் இட்லியை நீட்டினாள். அவர் காசு கொடுத்தே வாங்கிக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட மட்டும் ஒண்ணு கேக்கணும். என் அண்ணன் பையன் ரயில்வேயில இருக்கான். மாசம் நூத்திருபது ரூபா. ஒரே பிள்ளை, காப்பிகூடக் குடிக்க மாட்டான். சீர் செனத்தி எதுவும் வேண்டாங்கறான், அடக்கமான பொண்ணா இருந்தாப் போதும், எந்தக் குடும்பமானாலும் சரிங்கறான். இந்தப் பொண்ணைப் பார்த்ததும் அவன் ஞாபகந்தான் வந்தது. ஆவணியில வெச்சுக்கலாம். என்ன சொல்றீங்க? ஸ்காலர்ஷிப்பை வேற யாருக்காவது கொடுத்துக்கலாம்."

சொக்கம்மாள் விரல் விட்டு எண்ணினாள். ரயில்வே. நூற்றிருபது. ஒரே பிள்ளை. சீர் கிடையாது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆதிலட்சுமி நிஜப் பட்டு உடுத்துவாள். வெண்ணெய் திரண்டு கைக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கிறது. அவள் கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

"அந்தப் பொண்ணா ஐயா?" என்றாள். "நல்ல பையன ஏன் பாழுங்கெணத்துல தள்றீங்க? அதுக்கு ஒரு ரசம் வெக்கத் தெரியாது. வாய் காஞ்சிபுரம் வரைக்கும் நீளும். வெயில் மூஞ்சில அடிச்சாத்தான் எயுந்திருக்கும். கோவம் வந்தா சட்டி பானையெல்லாம் ஒடச்சிடும். பக்கத்து வூட்டுக்காரி நான், எனக்குத் தெரியாதா? அது பொஸ்தகத்துக்குத்தான் லாயக்கு. வேற எங்கியாச்சும் பாருங்க."

கிருஷ்ணசாமி பையிலிருந்து நோட்டை எடுத்து, கடைசி வரியையும் அடித்துவிட்டு, கீழே என்னமோ எழுதினார். அன்று முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார்.

"ஜூலை ரெண்டாம் தேதி பெட்டியோட ஹாஸ்டலுக்கு வரச் சொல்லுங்க. லெட்டர் பின்னாலேயே வரும்."

பஸ் புறப்பட்டுவிட்டது. ரயில்வேக்காரன் என்று ஒருவன் உண்மையில் இருந்தானா, இல்லை அந்த மனுஷன் தன் ஜாமீனைச் சோதித்துப் பார்த்தாரா என்று சொக்கம்மாளுக்குக் கடைசிவரை விளங்கவில்லை. புழுதி அடங்குவதற்குள் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு, சுலோச்சனாவுக்குச் சேதி சொல்ல அன்றைக்கு மூன்றாவது தடவையாக வயல்வழியே ஓடினாள். ஹாஸ்டல் விஷயத்தைத் தெரு முழுக்கக் கூவிச் சொன்னாள். ரயில்வேக்காரன் விஷயத்தை மட்டும் ஆதிலட்சுமியிடம் அவள் என்றைக்குமே சொல்லவில்லை.